போர்டு பழுதுதான்

கடலோர ஊர்களில் லேப்டாப்பில் முதலில் கெடுவது ஹிஞ்ச். மூடியையும் உடம்பையும் சேர்த்துப் பிடிக்கிற கீல். உப்புக்காற்று ஏறிவிட்டால் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு கிறீச்சொலி வரும். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயில் ஒரு துளி போதும். ஆனால் நம் ஜனங்கள் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் கீல் இறுகிப் பிளாஸ்டிக்கையே பிளந்துவிடும். சீர்காழி கடைவீதியில் இருபத்தாறு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் எழில்மொழி அவர்களாகிய நீங்கள் அனுமதித்தீர்கள். அதற்கு நன்றி. வாயால் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள், வரிசை கெட்டுவிடும். என் பெயர் பஞ்சநதம், வயது ஐம்பத்திரண்டு. டிவி மெக்கானிக்காக ஆரம்பித்து, பிறகு கம்ப்யூட்டர், இப்போது லேப்டாப். என்னிடம் வந்த பொருளுக்கு நான் சொன்ன பழுது தவறிப்போனதில்லை. இதை நான் சொல்லவில்லை. சீர்காழியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சவுக்குத்திட்டு மீனவக் கிராமத்துப் பஞ்சாயத்துக் கூடத்தில் இருந்த லேப்டாப் பற்றித்தான் இந்த வழக்கு. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. மெல்லிய மாடல். ஜெயபால் என்பவரின் மகள் ஜீவிதா அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாள். சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிற பெண், இருபத்தேழு வயது. ஊரில் உள்ள பதினான்கு ஃபைபர் படகுகளுக்கும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி வாங்கி வைத்தார்கள். கூடத்து மாடியில் ஆன்டெனா. படகு எங்கே நிற்கிறதென்று லேப்டாப் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும், பக்கத்தில் படகின் எண். ஆபத்தென்றால் கருவியில் உள்ள பொத்தானை அழுத்துவார்கள், புள்ளி சிவப்பாகும். கூடத்தில் இருப்பவர் உடனே வயர்லெஸ்ஸில் அருகிலுள்ள படகுகளைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். லேப்டாப்பின் ஸ்பீக்கர் உப்பில் செத்து வெகுநாளாயிற்று, சத்தம் வராது. ஆகவே படகு கடலில் இருக்கிற நேரமெல்லாம் ஓர் ஆள் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது அந்த ஊர் ஏற்பாடு. தர்ஷினி என்ற பெண்ணுக்கு அந்த வேலை.

நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

போன வருடக் கடைசியில் அந்த லேப்டாப் அடிக்கடி உறைந்து நிற்க ஆரம்பித்தது. திரையில் படம் அப்படியே இருக்கும், எதுவும் நகராது, பெரிய எழுத்துக்கான பொத்தானின் விளக்கு மட்டும் மினுக்கும். கெர்னல் பேனிக் என்று பெயர். கெர்னல் என்பது லினக்ஸின் அடிமடி. தன்னால் இனி முடியாது என்று தெரிந்தால் அது எல்லாவற்றையும் போட்டுவிட்டு நின்றுவிடும், போகிற போக்கில் விளக்கை மட்டும் மினுக்கும். மானமுள்ள காரியம் என்று எனக்குத் தோன்றும்.

ஊர்த் தலைவர் மருதையன் என்னை வரவழைத்தார். பஞ்சாயத்தார் எல்லாரும் இருந்தார்கள், அந்த ஊரில் பொதுப் பொருளில் பெரிய பழுது என்றால் பத்துப் பேர் முன்னால்தான் பிரிப்பார்கள். பிரித்துப் பார்த்தேன். இந்த மாடலில் ரேம், அதாவது மெஷினின் நினைவுச் சில்லு, தனித் துண்டாக இல்லை, மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. ரேம் போனால் போர்டு போனது என்றுதான் அர்த்தம். "போர்டு பழுது. இனிமே உதவாது, வேற வாங்கிக்குங்க" என்றேன்.

ஜீவிதா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "போர்டு முழுசும் போகல சார். ராத்திரிலேருந்து டெஸ்ட் ஓட்டுனேன், பதினோரு மணி நேரம். ரேம்ல ஒரு ஓரம்தான் கெட்டிருக்கு. அந்த இடத்தைத் தொடாதேன்னு கெர்னல்கிட்ட ஒரு வரி எழுதிட்டாப் போதும்" என்றாள்.

"அதெப்படிம்மா தொடாம இருக்கும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கடல்ல பார் இருக்கிற இடம் தெரிஞ்சா அங்க வலை விடுவீங்களா? சுத்திக்கிட்டுப் போறீங்கள்ல? அதேதான்."

வலை கிழிக்கிற பாறையை அவர்கள் பார் என்பார்கள். உடனே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மருதையன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல ஆளுய்யா நீங்க. ஒரு பல்லு சொத்தைன்னு வந்தா தலையையே வெட்டச் சொல்றீங்களே மெக்கானிக்கு" என்றார். கூடமே சிரித்தது. ஜெயபால்தான் எல்லாரிலும் அதிகமாகச் சிரித்தார். மகள் பேசியதில் வந்த சந்தோஷம், குற்றம் சொல்ல முடியாது. போகும்போது ஒரு பையில் சங்கரா மீன் கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்க அண்ணே, சும்மா வெளையாட்டு" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. மீனையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வரி எழுதப்பட்டது. லேப்டாப் நிற்காமல் ஓடியது. எட்டு மாதம்.

அந்த எட்டு மாதமும் சீர்காழி மீன் மார்க்கெட்டில் நான் பட்டதை இங்கே எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் இது முழு வாக்குமூலம் ஆகாது. அங்கே மீன் விற்கிறவர்களில் பாதிப்பேர் சவுக்குத்திட்டுப் பெண்கள். நான் மீன் எடுத்துக் கொடுத்ததும் அரிவாள்மணையில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். "தலைய வெட்டிடவா, வச்சிடவா மெக்கானிக் அண்ணே?" பக்கத்துக் கடைக்காரி, "அவர்கிட்டயா கேக்குற? பல்லு வலின்னாலே வெட்டுவாரு" என்பாள். வாராவாரம். என் கடைக்கு வருகிறவர்களும் பொருளை வைத்துவிட்டு, "அந்தச் சவுக்குத்திட்டுப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?" என்று ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் மீன் வாங்குவதை நிறுத்தினேன். என் மனைவி காரணம் கேட்டாள். யூரிக் ஆசிட் என்றேன்.

நான் சொன்னது உண்மை. போர்டு பழுது. அதை மறைத்து ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு வரி. ஒரு உண்மையைச் சொன்னவன் கேலிப்பொருளாக இருப்பதும், அதை மூடி மறைத்த வரிக்குக் கூடத்தில் மரியாதை கிடைப்பதும் எந்த ஊர் நியாயம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகஸ்டில் ஃபேன் சத்தம் போடுகிறதென்று லேப்டாப்பை மருதையன் என் கடைக்கு அனுப்பினார். பாஸ்வேர்டை தர்ஷினி ஒரு காகிதத்தில் எழுதி அடியிலேயே ஒட்டிவைத்திருந்தாள். ஃபேனைச் சுத்தம் செய்தேன். பிராசஸருக்குச் சூட்டைக் கடத்துகிற புது பேஸ்ட் வைத்தேன். ஹிஞ்சுக்கு எண்ணெய் விட்டேன், அதற்குக் காசு வாங்கவில்லை. எல்லாம் முறையாகச் செய்த வேலை. பிறகு அந்த வரியை எடுத்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லினக்ஸில் இது மாதிரி வரி இரண்டு இடத்தில் இருக்கும். நாம் எழுதிவைக்கிற ஃபைல் ஒன்று. அதிலிருந்து உண்டாகிற இன்னொரு ஃபைல், மெஷின் எழுந்திருக்கும்போது படிப்பது. நான் இரண்டாவதில் மட்டும் எடுத்தேன். ஜீவிதா எழுதிய ஃபைலில் வரி அப்படியே இருந்தது. அவள் திறந்து பார்த்தால் இருக்கும். மெஷின் படிக்கும்போது இருக்காது.

நீங்கள் இதைச் சதி என்று எழுதிக்கொண்டீர்கள். நான் அந்த மெஷினில் எதையும் சேர்க்கவில்லை. வைரஸ் போடவில்லை, கம்பியை அறுக்கவில்லை. ஒரு பொருளை அதன் சொந்த நிலைமைக்குக் கொண்டுவந்தேன். நல்ல போர்டாக இருந்திருந்தால் நான் எடுத்த வரியால் ஒன்றுமே நடந்திருக்காது. இதை நீதிமன்றத்திலும் சொல்வேன்.

ஆறாம் நாள் அது உறைந்தது. பிறகு மூன்று நாளில் ஒரு தடவை, இரண்டு நாளில் ஒரு தடவை. ஜீவிதா வைஃபை கார்டைக் கழற்றிப் பார்த்தாள். சார்ஜரை மாற்றினாள். ரேம் டெஸ்டை மறுபடி ஓட்டினாள், அதே பழைய ஓரத்தைத்தான் காட்டியது. அந்தப் பக்கம்தான் போவதில்லையே என்று அதை விட்டுவிட்டாள். தன் ஃபைலைத் திறந்து வரி இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. தான் எழுதியதைத் தானே சந்தேகப்பட யாருக்கும் மனம் வராது. கடைசியில் எனக்குப் போன் செய்தாள்.

"சார், ஃபேன் கழட்டுனப்போ வேற எதாவது கண்ணுல பட்டுச்சா?"

"போர்டும்மா. அன்னைக்கே சொன்னேன்."

"நீங்க சொன்னதுதான் சரியோ என்னவோ சார். புதுசு வாங்க ஊர்ல சொல்லியிருக்கேன், அடுத்த வாரம் வந்துடும். அதுவரைக்கும்தான் பயமா இருக்கு. அப்பா போட்டுல எஞ்சின் வேற சரியில்லை. சொன்னாக் கேக்க மாட்டேங்குறாங்க, மீன் படுற சமயம்கிறாங்க."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். எட்டு மாதம் கழித்து முதல் தடவையாக ஒருவர் என்னைச் சரி என்று சொன்னார். அதுவும் தனியாக, போனில். சிரித்தது கூடத்தில், பத்துப் பேர் முன்னால். கணக்கு நேராகவில்லை. அவ்வளவுதான் நான் நினைத்தது. யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை.

செப்டம்பர் இருபத்தொன்று, வியாழக்கிழமை. புது லேப்டாப் என்ன மாடல் வாங்கலாம் என்று யோசனை கேட்க மருதையன் என்னை அழைத்திருந்தார். மதியம் இரண்டரைக்குப் போனேன். அவர் ஏலக்கூடத்தில் இருந்தார், வந்துவிடுவார் என்றாள் தர்ஷினி. ஜீவிதா ஏதோ வேலையாக மாயவரம் போயிருந்தாள். மூன்று மணிக்குச் சற்று முன்னால் தர்ஷினி எழுந்தாள்.

"சார், கொஞ்சம் திரையைப் பாத்துக்குங்க. புள்ளைக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சு, கூட்டிக்கிட்டு ஓடியாந்துடறேன். எதாவது செவப்பா வந்தா அந்த மைக்கை அமுக்கி நம்பரைச் சொன்னாப் போதும்."

"போயிட்டு வாம்மா" என்றேன்.

அவள் போன சற்று நேரத்தில் அது உறைந்தது. விளக்கு மினுக்க ஆரம்பித்தது. நான் அணைத்துப் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் திரும்ப எழுந்திருக்கும், உண்மைதான். நான் மூடியை மூடினேன். கீலில் சத்தமே இல்லை, நான் விட்ட எண்ணெய். அரை மணி கழித்து தர்ஷினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "நின்னுபோச்சா சார்? ஆன் பண்ணிடவா?" என்றாள்.

"பண்ணாதே. ஜீவிதா வந்து பாக்கட்டும். இப்ப அணைச்சா தடயமெல்லாம் போயிடும்."

"போட்டெல்லாம் கடல்ல கெடக்கே சார்."

"இத்தனை காலம் இது இல்லாமத்தானே போயிட்டு வந்தாங்க" என்றேன். அவள் என்னை மெக்கானிக் என்று நம்பினாள். மருதையன் வந்தார், அவரும் நம்பினார். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் போர்டைப் பற்றிச் சொன்னதை எல்லாரும் நின்று கேட்டார்கள்.

ஜீவிதா ஐந்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்கி மெஷினை எழுப்பினாள். பதிமூன்று பச்சைப் புள்ளிகள் வந்தன. ஏழாம் எண் வரவில்லை. ஏழு அவள் அப்பாவின் படகு.

மீதி உங்களுக்குத் தெரியும். ஜெயபாலும் அவரோடு போன உத்திராபதியும். மறுநாள் காலை பத்து மணிக்குக் கவிழ்ந்த படகைப் பார்த்தார்கள். உத்திராபதி ஐஸ் பெட்டியில் கயிறு போட்டுத் தன்னைக் கட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாயும்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். மூன்றாம் எண் படகு அரைமணி தூரத்தில்தான் வலை விட்டிருந்தது என்றும் சொன்னீர்கள். டாக்டர் வேலையும் கடல் வேலையும் எனக்குத் தெரிந்த துறைகள் அல்ல. அவற்றைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையாகாது.

இரண்டு நாள் கழித்து ஊர் கூடி, பொது ஆள் ஒருவர் பார்க்கட்டும் என்று லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் அந்த வரியைத் திரும்பப் போட்டேன். வரி இருக்கிறது, இருந்தும் மெஷின் நின்றிருக்கிறது, பழுதான போர்டை ஓட்டியதுதான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுதிய ஒவ்வொரு சொல்லும் நிஜம். ஊர் அதைப் படித்துவிட்டு ஜீவிதாவைப் பார்த்தது. ஜெயபாலின் காரியத்தன்று அவள் வீட்டுப் பந்தலில் பாதி நாற்காலி காலி என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். பெற்ற அப்பனைப் படிப்பால் கொன்றவள் என்று உத்திராபதியின் மனைவி தெருவில் நின்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அந்த ஞாயிறு நான் மீன் வாங்கப் போனேன். தலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஜீவிதா என் கடைக்கு வந்தாள். கையில் அச்செடுத்த தாள்கள். மெலிந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் எந்த வரியோட எழுந்தோம்னு கெர்னல் தன் பதிவுல எழுதி வச்சுக்கும். உங்களுக்கு அது தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"ஆகஸ்ட் பதினொண்ணு நீங்க திருப்பிக் கொடுத்தீங்க. அன்னையிலேருந்து இருபத்திமூணு தடவை அந்த வரி இல்லாம எழுந்திருக்கு. அப்பா போனப்பறம் உங்க கடைக்கு வந்துச்சு. அன்னையிலேருந்து மறுபடி வரி இருக்கு." தாள்களை மேஜையில் வைத்தாள். "நான் என் ஃபைலை மட்டும்தான் சார் பாத்தேன். பதிவைப் பாக்கல. அது என் தப்பு. மத்தது உங்களுது."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. இந்த வாக்குமூலத்தில் நான் வெட்கப்படுகிற இடம் அது ஒன்றுதான். இருபத்தாறு வருடத் தொழிலில், மெஷின் தன் கைப்பட எழுதிவைக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் திருப்புளி பிடித்து வளர்ந்தவன், பதிவைப் படிக்கிற பழக்கம் இல்லை. தெரிந்திருந்தால் அழித்திருப்பேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். வரியை எடுத்தது நான். திரும்பப் போட்டது நான். எழுப்ப வேண்டாம் என்று சொன்னதும் நான். எந்தச் சட்டப்பிரிவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு இதையும் எழுதுங்கள்: போர்டு பழுது. எந்த ஊர் நிபுணரை வேண்டுமானாலும் வரவழைத்துப் பிரித்துப் பாருங்கள், பத்துப் பேர் முன்னால் பாருங்கள், போர்டு பழுதுதான். மருதையனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும்படி ஜாடையாகச் சொன்னீர்கள். பழுதில்லாத ஒன்றைப் பழுது என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நீங்கள் எழுதிவைத்திருக்கும் பதிலை நான் ஏற்க மாட்டேன். கடலிலிருந்து எடுத்த கருவியில், ஜெயபால் பொத்தானை அழுத்திய நேரம் மூன்று மணி நான்கு நிமிடம் என்றிருக்கிறது. லேப்டாப்பின் பதிவில் கடைசி வரி மூன்று மணி ஒரு நிமிடம். ஆனால் கெர்னல் சாகும்போது கடைசி நிமிடங்களை எழுதிவைக்க அதற்கு நேரம் கிடைக்காது என்று ஜீவிதாவே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் உறைந்தது முன்னாலா, அழுத்தியது முன்னாலா என்று பதிவைப் பார்த்து ஒருவரும் சொல்ல முடியாது. மூடியை மூடியதும் திரை அணைந்துவிட்டது, உறைந்த மெஷினில் திறந்தாலும் நின்ற படம் திரும்ப வராது. அதைப் பார்த்த சாட்சி என்று யாரும் இல்லை. கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

நான் மூடியை மூடியபோது திரையில் சிவப்பாக எதையும் பார்க்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இன்னொன்றும் சொல்கிறேன், அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் இருந்த ஏழு, மூன்றாம் எண் படகின் பச்சைக்கு வலது பக்கம் மேலே, திரை ஓரமாக ஒதுங்கி, மேல்கோடு பாதி மறைந்து, பார்ப்பவருக்கு ஒன்றாம் எண் மாதிரித்தான் இருந்தது.